அவரவர் கண்ணுக்கு அவரவர் அளவு

டொராண்டோ நகரின் நடுவே தெற்கு வடக்காக ஓடும் யூனிவர்சிட்டி அவென்யூ என்னும் அகன்ற வீதியில், பெரிய ஆஸ்பத்திரிகள் எதிரும் புதிருமாக அணிவகுத்து நிற்கும் பகுதியில், ஊரார் சுருக்கமாகச் 'சிக் கிட்ஸ்' என்று வழங்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே, செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த லெஸ்லி ஃபார்க்காஸ் என்ற வைத்தியர், மனித முகங்களை அளப்பதையே வருஷக்கணக்காகத் தம் பணியாகக் கொண்டிருந்தார். காலிப்பர் என்னும் அளவுகோலின் இரு முனைகளையும் ஒருவருடைய கண்ணின் உள்மூலையிலும் வெளிமூலையிலும், தோல் அமுங்காதபடி தொட்டும் தொடாமலும் வைத்து, கண்ணின் நீளம் இத்தனை மில்லிமீட்டர், இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலம் இத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொண்டே போனார். மண்டையோடும் முகமும் கோணலாகப் பிறந்த குழந்தைகளைச் சீர்ப்படுத்தும் வைத்தியர்களுக்கு, சீரான முகம் எது என்பதற்கு உறுதியான ஒரு கணக்கு வேண்டியிருந்தது. அந்தக் கணக்கைத் தேடித்தான் அவர் புறப்பட்டார்.

மறுமலர்ச்சிக் காலத்து ஐரோப்பியச் சித்திரக்காரர்கள், இரு கண்களுக்கு நடுவே இன்னொரு கண் அடங்கும் இடைவெளி இருப்பதே அழகின் பிரமாணம் என்று விதித்து வைத்திருந்தார்கள். 1985-இல் ஃபார்க்காஸும் அவருடைய சகாக்களும் வட அமெரிக்க வெள்ளையரின் முகங்களை அளந்து வெளியிட்ட ஆராய்ச்சியில், எந்த ஜனங்களின் முகத்தைப் பார்த்து அந்தப் பிரமாணம் எழுதப்பட்டதோ, அவர்களுடைய சந்ததியாரிலேயே பெரும்பாலோருக்கு அது பொருந்தவில்லை என்பது தெரியவந்தது. பின்னர் 2005-இல், பல தேசத்து வைத்தியர்களைத் துணைக்கொண்டு, 18 வயது முதல் 30 வயது வரையுள்ள 1,470 பேருடைய முகங்களை, இந்தியர் உள்ளிட்ட பற்பல இனத்தாரிடையே, 14 அளவுகளால் அளந்து ஒப்பிட்ட பெரிய ஆராய்ச்சியொன்றை அவர் வெளியிட்டபோது, மூக்கும் கண்ணைச் சுற்றிய பிரதேசமுமே இனத்துக்கு இனம் வெகுவாக வேறுபடும் இடங்கள் என்பது இன்னும் தெளிவாயிற்று. உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த முகங்கள் ஒரே ரயில்பெட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு போகும் டொராண்டோவில் பிறந்த ஞானம் இது என்பதில் எனக்கு ஒரு விசேஷமான திருப்தி உண்டு.

அதே நகரத்தில், அந்த ஆஸ்பத்திரிக்கு வடக்கே, அழகுச் சிகிச்சை நிலையங்களுக்குப் பெயர்பெற்ற யார்க்வில் வட்டாரத்திலும் புறநகர்களிலும், கண்ணின் மூலைகளைத் திருத்திக்கொள்ள இன்று பலர் போகிறார்கள். மூக்கோரத்தில் மடிந்து கிடக்கும் தோலை விலக்கி உள்மூலையைத் திறப்பது ஒருவகை. கடைக்கண்ணை நீட்டுவதோ, உயர்த்துவதோ, தளர்ந்ததை இழுத்துக் கட்டுவதோ மற்றொருவகை. வருகிறவர்களில் அநேகமாக எல்லாருமே, செய்தது தெரியக்கூடாது, இயற்கையாக இருக்கவேண்டும் என்று கேட்கிறார்கள். அந்த இயற்கை என்பது யாருடைய இயற்கை என்ற கேள்விக்கு ஃபார்க்காஸின் அளவுகோல் ஒரு விடை தந்திருக்கிறது: அது பொதுவான எந்தப் பிரமாணத்திலும் இல்லை, அந்தந்த முகத்திலேதான் இருக்கிறது. இந்த விடையை மறந்துவிட்டுச் செய்யப்படும் சிகிச்சை, எத்தனை நுட்பமான கையால் செய்யப்பட்டாலும், முகத்துக்கு அந்நியமாகவே நிற்கும் என்பது என் அபிப்பிராயம்.

கண்ணின் மூலை எத்தகைய இடம் என்பதை முதலில் பார்ப்போம். கண்ணாடியின் முன் நின்று கீழிமையின் உட்பக்கத்தைச் சற்றே இழுத்துப் பார்த்தால், மூக்கின் அருகே ஊசி குத்தினாற் போன்ற சிறு துவாரம் ஒன்று தெரியும். மேலிமையிலும் அதற்கு நேரே ஒன்று உண்டு. கண்ணில் ஊறும் நீரில் பெரும்பகுதி இவ்விரு துவாரங்களின் வழியாக நுண்ணிய குழாய்களில் இறங்கி, கண்ணீர்ப் பையை அடைந்து, மூக்கினுள் வடிகிறது. அழும்போது மூக்கும் ஒழுகுவது இதனாலேதான். நாம் இமைக்கும்போது மேலிமையும் கீழிமையும் முழு நீளத்திலும் ஒரே கணத்தில் சேர்ந்துவிடுவதில்லை. கடைக்கண்ணில் தொடங்கி மூக்கை நோக்கி மூடிக்கொண்டே வந்து, கண்ணின் பரப்பிலுள்ள நீரை உள்மூலைக்குத் தள்ளிக்கொண்டு வருகின்றன. துவாரங்களுக்கு அருகிலேயே, சிவந்த மொட்டுப் போன்ற சிறு சதை இருக்கிறது. ஒருவருடைய கண் கூர்மையாகத் தோன்றுவதும் சாந்தமாகத் தோன்றுவதும் அந்தச் சிவப்பு எவ்வளவு வெளியே தெரிகிறது என்பதைப் பொறுத்திருப்பதைப் பலரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

வெளிமூலையின் அமைப்பு வேறு. கீழிமை என்பது இரு முனைகளிலும் எலும்போடு கட்டப்பட்ட தூளி. உட்கயிறு மூக்கோரத்து எலும்பிலும், வெளிக்கயிறு கண்குழியின் விளிம்புக்குச் சற்று உள்ளே, கன்ன எலும்பிலுள்ள ஒரு சிறு மேட்டிலும் கட்டப்பட்டிருக்கின்றன. இளமையில் வெளிமுனை, சராசரியாகச் சொன்னால், உள்முனையைவிட ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். வயது ஏற ஏற வெளிக்கயிறு தளர்கிறது. கண் உருண்டையாகவும் சோகமாகவும் தோன்றுகிறது. இன்னும் தளர்ந்தால் கீழிமை கண்ணைவிட்டு விலகி வெளிப்புறம் சாய்ந்து, நீர் உட்செல்ல வழியின்றிக் கன்னத்தில் வழிகிறது. துக்கம் எதுவுமில்லாமல் எந்நேரமும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் முதியவர்கள் பலருக்குக் காரணம் இதுவாக இருக்கக்கூடும். முகவாதத்தால் ஒரு பக்கத்து முகம் செயலற்றுப் போனவர்களுக்கும் இந்நிலை நேர்வதுண்டு.

அந்தக் கட்டு எவ்வளவு இறுக்கமானது என்பதை அவசர சிகிச்சைப் பிரிவு வைத்தியர்கள் அறிவார்கள். விபத்தில் அடிபட்டுக் கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கட்டிக்கொண்டால், இமைகள் இறுகப் பிடித்திருப்பதால் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் பார்வை நரம்பு நசுங்கிப்போகும். அப்போது வைத்தியர் தாமதிக்காமல் கடைக்கண்ணைக் கத்தரித்து, கீழிமையின் கட்டை அவிழ்த்துவிடுகிறார். கண்ணின் ஒளியைக் காப்பதற்காக அழகை அந்தக் கணத்தில் விட்டுக்கொடுக்கிறார். மூலையைப் பிறகு தைத்துக்கொள்ளலாம். அழகுக்காக அதே இடத்தில் கத்தி வைக்க எண்ணுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

உள்மூலையின் தோல்மடிப்பைப் பற்றி நம்மவரிடம் ஒரு வீண் பயம் இருக்கிறது. மூக்குத்தண்டு இன்னும் எழும்பாத கைக்குழந்தைகளுக்கு, எந்த இனத்தவராயினும், இந்த மடிப்பு இருப்பது சகஜம். அது வெள்விழியின் உட்பகுதியை மறைப்பதால், கருவிழி மூக்கை நோக்கித் திரும்பியிருப்பதுபோல் ஒரு மயக்கம் உண்டாகிறது. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றில், பேத்தியை மடியில் கிடத்திய அம்மம்மா, "என்னடி பிள்ளை, குஞ்சுக்கு வாக்குக்கண் போலக் கிடக்கு?" என்று கேட்டுவிட்டால் தாய்க்கு அன்றிரவு தூக்கம் போய்விடும். வைத்தியரோ சிறு கைவிளக்கை எதிரே பிடித்து, அதன் ஒளிப்புள்ளி இரு கருவிழிகளிலும் ஒரே இடத்தில் பிரதிபலிக்கிறதா என்று பார்ப்பார்; பிரதிபலித்தால் மாறுகண் இருப்பதாகத் தோன்றியது வெறும் தோற்றமே. மூக்கு வளர வளர அந்த மடிப்பு பெரும்பாலும் தானே மறைந்துவிடும். கிழக்கு ஆசிய மக்களில் பலருக்கு அது பெரியவரான பிறகும் நிலைத்து நிற்கிறது. அது அவர்களுடைய முகலட்சணத்தின் ஓர் அங்கமேயன்றி, குறைபாடு அன்று.

குறைபாடு அல்லாததைக் குறைபாடாகக் கண்ட ஒரு காலமும் இருந்தது. 1896-இல் ஜப்பானிய வைத்தியர் மிக்காமோ, ஒரு கண்ணில் இமைமடிப்பும் மறுகண்ணில் மடிப்பின்மையும் கொண்டு பிறந்த ஒரு பெண்ணுக்கு, இரு கண்களையும் ஒத்திருக்கச் செய்த சிகிச்சையைப் பற்றி எழுதினார். அந்தப் பெண்ணுக்கு அளவாக அமைந்தது அவளுடைய சொந்த முகத்தின் மறுபாதிதான். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, கொரிய யுத்தம் ஓய்ந்த வேளையில், அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் வைத்தியரான ரால்ஃப் மில்லார்ட், கொரிய மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் விருப்பத்தின்பேரில் அவருடைய உள்மூலை மடிப்பை நீக்கி, கண்ணை மேற்கத்தியரின் கண்போல உருட்டி அமைத்து, அதை 1955-இல் ஒரு மருத்துவ சஞ்சிகையில் விவரித்தார். மிக்காமோவின் சிகிச்சைக்கும் மில்லார்டின் சிகிச்சைக்கும் தையல்முறையில் உள்ள வேற்றுமையைவிட, அளவாக எடுத்துக்கொண்ட முகம் யாருடையது என்பதில் உள்ள வேற்றுமையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அந்தக் கேள்வி கனடாவிலும் ஓய்ந்துவிடவில்லை. டொராண்டோவைச் சேர்ந்த திரைப்பட இயக்குநர் ஆன் ஷின், கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தின் ஆதரவில் 2000-இல் எடுத்த 'வெஸ்டர்ன் ஐஸ்' என்னும் ஆவணப்படம், கண்ணிமைச் சிகிச்சையை எண்ணிப் பார்க்கும் ஆசிய வம்சத்துக் கனடியப் பெண்கள் இருவரின் மனத்தைத் திறந்து காட்டுகிறது. பள்ளிக்கூடத்தில் கேட்ட கேலிகளும், பத்திரிகை அட்டைகளில் பார்த்த முகங்களும் ஒரு பெண்ணைச் சிகிச்சை மேஜை வரைக்கும் எப்படி அழைத்துவருகின்றன என்பதை அதில் காணலாம். அதே சமயம், அப்படி வருகிறவர்கள் எல்லாரையுமே தம் இனத்தை வெறுப்பவர்கள் என்று தூற்றுவதும் அநியாயம். கொரியாவிலும் சீனாவிலும் இன்று இச்சிகிச்சை செய்துகொள்கிறவர்கள் பெரும்பாலும் தங்கள் ஊரின் அழகியரையே அளவாகக் கொள்கிறார்கள்.

சிகிச்சை முறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்மூலையைத் திறப்பதற்கு, மடிப்பின்மேல் நேராகக் கீறினால் அந்தத் தழும்பே சுருங்கி மீண்டும் ஒரு மடிப்பை உண்டாக்கிவிடும். ஆகையால் வளைவாகவோ கோணல்மாணலாகவோ கீறித் தோலை இடமாற்றித் தைக்கும் முறைகள் வழக்கத்துக்கு வந்தன. இப்போது பல வைத்தியர்கள் விரும்புவது, கீறலைக் கீழிமையின் மயிர்வரிசையை ஒட்டிக் கொண்டுபோய், தோலைப் பிரித்தெடுத்து, அடியிலுள்ள இறுக்கமான தசையிழைகளைத் தளர்த்தி, தோலை மறுபடி பரப்பிவிடும் முறை; தழும்பு இமைமயிரின் நிழலில் மறைந்துவிடுகிறது. எவ்வளவு திறப்பது என்பதில்தான் வைத்தியருடைய விவேகம் தெரியும். அந்தச் சிவந்த சதைமொட்டு முழுவதும் வெளியே தெரியும்படி திறந்துவிட்டால் முகத்தில் ஒரு கடுமை வந்து குடியேறும். வெட்டியெறிந்த தோலைப் பிறகு திருப்பி வைக்க முடியாது. மறுபடி மூடுகிற சிகிச்சைகள் உண்டு என்றாலும், அவை பழைய மூலையை அப்படியே கொண்டுவருவதில்லை.

கடைக்கண்ணை நீட்டுவதற்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்திருக்கிறது. கண்குழியின் எலும்பு விளிம்பும் விழியின் வளைவும் இடங்கொடுக்கும் மட்டும்தான் நீட்டலாம். அது மில்லிமீட்டர் கணக்கிலேயே அடங்கும். அதற்கும் அப்பால் போனால் இமையின் உட்புறச் சிவப்பு வெளியே தெரியும், கண் உலரும், இமைமயிர் இல்லாத ஒரு வெற்றுக்கோடு ஓரத்தில் நிற்கும். வெட்டிய இரு விளிம்புகளும் ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் சுபாவம் உடையவை. ஆதலால் சிகிச்சையில் கிடைத்த நீளத்தில் ஒரு பகுதி, மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்துபோவதும் உண்டு. தளர்ந்த கீழிமையை இழுத்துக் கட்டுவது இதைவிட நம்பத்தக்க காரியம். 1979-இல் ஆண்டர்சன், கார்டி என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள் விவரித்த முறையில், கீழிமையின் உள்ளிருக்கும் தகட்டைச் சிறிது நறுக்கி, எலும்பின் உறையோடு தைத்து நிறுத்துகிறார்கள். இன்றளவும் அது, சிற்சில மாற்றங்களுடன், உலகமெங்கும் கையாளப்படுகிறது. 2020-ஐ ஒட்டி இளைஞரிடையே பரவிய 'நரிக்கண்' மோகத்தில், தோலுக்கடியில் நூல் செலுத்திக் கடைக்கண்ணைப் பொட்டுப்பக்கம் இழுக்கும் வித்தை பிரபலமாயிற்று. அந்த நூல் நாளடைவில் கரையும். இழுப்பும் மாதக்கணக்கில்தான் நிற்கும். அதைப்பற்றி இதற்குமேல் எழுதவேண்டியதில்லை.

கைதேர்ந்த ஒருவர் வேலை செய்வதை அருகிலிருந்து பார்த்தால், கத்தியை எடுப்பதற்கு முன்பே பாதிக் காரியம் முடிந்துவிடுவது புலப்படும். நோயாளியைப் படுக்கவைக்காமல், நிமிர்ந்து உட்காரவைத்து, நேரே பார்க்கச் சொல்லி, மெல்லிய முனையுள்ள பேனாவால் மூலைகளில் குறியிடுகிறார். படுத்தால் கன்னத்துச் சதை பின்னே சரிந்து கண்ணின் உருவமே மாறிவிடும், மரத்துப்போக ஊசி போட்டால் தோல் உப்பி அளவுகள் குழம்பிவிடும். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி அணிந்துகொண்டு, தலைமயிரினும் மெல்லிய நூலால் தைக்கிறார். ஒரு பக்கத்தை முடித்ததும் மறுபக்கத்தோடு ஒப்பிடுகிறார். பிறவியிலேயே யாருடைய இரு கண்களும் முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதையும் முன்னதாகவே புகைப்படம் எடுத்து நோயாளிக்குக் காட்டியிருப்பார். ஐந்திலிருந்து ஏழு நாட்களுக்குள் தையல் பிரிக்கப்படுகிறது.

இந்த வித்தையின் பூர்வீகத்தில் நோய்தீர்க்கும் நோக்கமே முன்நின்றது. சுசுருத சம்ஹிதையின் உத்தர தந்திரத்தில், இமைமயிர் உள்நோக்கித் திரும்பிக் கருவிழியை உரசும் நோய்க்கு, இமைத்தோலில் யவதானிய அளவு நீக்கித் தைக்கும் முறை கூறப்பட்டிருக்கிறது. டொராண்டோவிலும் அப்படியே. கண்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகிப் பிறந்த குழந்தைகளின் கண்குழிகளையே பெயர்த்து அருகே கொண்டுவரலாம் என்று 1967-இல் பாரிஸ் வைத்தியர் பால் டெஸியே உலகுக்குக் காட்டினார். அந்தக் கலையை 1970-களின் தொடக்கத்தில் இயன் மன்ரோ என்பவர் சிக் கிட்ஸில் ஒரு குழுவாக நிறுவினார். எலும்பைப் பெயர்த்தபின் கண்ணின் உள்மூலைகளைக் கம்பியிட்டு உரிய இடத்தில் கட்டுவது அந்தச் சிகிச்சையில் மிகச் சிரமமான பகுதி. அந்தக் கட்டு நழுவினால் எலும்பு சரியாக இருந்தும் முகம் சரியாகத் தோன்றாது. ஃபார்க்காஸின் அளவுகோல் அந்தக் குழந்தைகளுக்காகவே பிறந்தது. அழகுச் சிகிச்சையாளர் இன்று கையாளும் அளவுகளில் பலவும் அந்தக் குழந்தைகளின் கொடை.

நம் தமிழ்ப் பெண்கள் நெடுங்காலமாகக் கடைக்கண்ணை நீட்டி வந்திருக்கிறார்கள். டொராண்டோவின் அரங்கேற்ற மேடைகளில், கூடத்தின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பார்வையின் அசைவு தெரியவேண்டுமென்று, ஆடும் பெண்ணின் கண்ணோரத்தில் மையைப் பொட்டை நோக்கி இழுத்து எழுதுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடலாம். சிகிச்சையை யோசிக்கும் ஒருத்தி, தனக்கு வேண்டிய கண்ணை மையால் எழுதிக்கொண்டு சில நாள் கண்ணாடியில் பார்த்து வருவது, எந்தக் கணினிப் படத்தையும்விடப் பிரயோஜனமான ஒத்திகை என்று நினைக்கிறேன். நம்மவருடைய கருத்த, மாநிறத் தோலில் காயம் ஆறும்போது அந்த இடம் கறுத்துப்போகும் அபாயம் வெள்ளைத் தோலைவிட அதிகம். இமைத்தோல் உடலிலேயே மிக மெல்லியதாதலால் தழும்பு பொதுவாக நன்றாகவே மறையும். ஆனால் உள்மூலை மூக்கின் தடித்த தோலைத் தொடும் இடமாதலால், அங்கே தழும்பு புடைத்து நிற்கக்கூடும். முன்பு காது குத்திய இடத்திலோ வேறு காயத்திலோ தழும்பு தடித்தவர்கள் அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும்.

யாரிடம் போவது என்பதிலும் ஒன்டாரியோ கற்ற பாடம் கசப்பானது. 2007-இல் டொராண்டோவில், கொழுப்பு உறிஞ்சும் அழகுச் சிகிச்சை செய்துகொண்ட இளந்தாய் ஒருத்தி இறந்துபோனாள். சிகிச்சை செய்தவர் அறுவையில் விசேஷப் பட்டம் பெறாத குடும்ப வைத்தியர். அதன் பிறகே, வைத்தியர்களை நெறிப்படுத்தும் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் அண்ட் சர்ஜன்ஸ் ஆஃப் ஒன்டாரியோ என்னும் அமைப்பு, ஆஸ்பத்திரிக்கு வெளியே மயக்கமருந்து கொடுத்து இத்தகைய சிகிச்சைகள் செய்யும் நிலையங்களை 2010 முதல் சோதனைக்கு உட்படுத்தத் தொடங்கியது. ஒருவர் பிளாஸ்டிக் சர்ஜரியிலோ கண் மருத்துவத்திலோ, நிபுணர்களுக்குச் சான்று வழங்கும் கனடாவின் ராயல் காலேஜின் தகுதி பெற்றவரா, அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதை அந்த அமைப்பின் பகிரங்கப் பதிவேட்டில் யாரும் செலவின்றிப் பார்க்கலாம். நோயாளிகளின் நற்சான்றுகளை விளம்பரத்தில் போடுவதும், தம்மைவிடச் சிறந்தவர் இல்லை என்று பறைசாற்றுவதும் ஒன்டாரியோவின் விதிகளுக்கு விரோதம். அப்படிப் பறைசாற்றுகிறவரிடம் மூலையையல்ல, முகத்தையே ஒப்படைக்கப் போகிறோம் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். வெறும் அழகுக்கான சிகிச்சைக்கு மாகாணத்தின் ஓஹிப் காப்பீடு பணம் தராது. கட்டணத்தின்மேல் 13 சதவீத வரியும் உண்டு. கீழிமை சாய்ந்து கண் உலர்வது போன்ற நோய்க்குறி இருந்தால் விஷயம் வேறு. குடும்ப வைத்தியரிடம் சொல்லி விசேஷ நிபுணரைப் பார்ப்பதே முறை.

மகளை அழைத்துவரும் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. ஒன்டாரியோவின் 1996-ஆம் வருஷத்துச் சம்மதச் சட்டம், அழகுச் சிகிச்சையையும் சிகிச்சை என்றே கொண்டு, சம்மதம் தருவதற்கு வயது எல்லை எதையும் விதிக்காமல், விளங்கிக்கொள்ளும் ஆற்றலையே அளவாக வைத்திருக்கிறது. ஆகவே பதினாறு வயதுப் பெண்ணாயினும், விஷயத்தை உணர்ந்திருந்தால், சம்மதிக்கவோ மறுக்கவோ வேண்டியவள் அவளே. தாயின் ஆசை அங்கே செல்லாது. நல்ல வைத்தியர் தாயைச் சிறிது நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பெண்ணிடம் தனியே பேசுவார். கண்ணைப் பற்றி முதலில் குறை சொன்னது யார் என்று கேட்பார்.

சிகிச்சைக்குப் பின் டொராண்டோவின் குளிர்காலத்தை யோசிக்காமல் இருக்க முடியாது. வெளியே காற்று முகத்தில் அறைகிறது. உள்ளே உலைக்காற்று அறையின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது. புதிதாகத் தைத்த மூலையும் சரியாக மூடாத இமையும் உள்ளவருக்கு முதல் வாரங்களில் கண் எரியும். மருந்துக் கண்ணீரும் இரவில் களிம்பும் வேண்டியிருக்கும். கோடையில் செய்தவர்கள் தழும்பு கறுக்காமலிருக்க வெயிலுக்குத் தொப்பியும் கறுப்புக்கண்ணாடியும் அணியவேண்டும். கண் திடீரென்று வீங்கிப் புடைத்து, வலி கடுமையாகி, பார்வை மங்கினால் மறுநாள் வரை காத்திருக்காமல் அந்த நேரத்திலேயே அவசரப் பிரிவுக்குப் போய்விடவேண்டும். வீக்கம் சில வாரங்களில் வடியும். உள்மூலைத் தழும்பின் சிவப்பு மறையச் சில மாதங்கள் பிடிக்கும். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு கண் மற்றதைவிடச் சிறியதாகத் தோன்றுகிறதென்று திருத்தச் சொல்லி வருகிறவர்களை, நிதானமுள்ள வைத்தியர்கள் பழைய புகைப்படத்தைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.